முப்பந்தல் காத்தும் கொம்பையா அண்ணாச்சி வண்டியும்

ஞாயித்துக்கிழமை சாயங்காலம். போர்டிகோவுல என் வண்டிக்குப் பக்கத்துல குப்புறப் படுத்துக் கெடக்கேன். வீட்டுக்காரம்மா ரெஜினா டீச்சர் காலையிலேயே கறாரா சொல்லிட்டாங்க. "லிங்கராஜ், புது டைல்ஸ்ல இன்னொரு சொட்டு ஆயில் பார்த்தேன்னா நீங்க வேற வீடு பார்த்துக்கோங்க." பாளையங்கோட்டையில, பிள்ளை படிக்கிற பள்ளிக்கூடத்துக்கு அடுத்த தெருவுல, இந்த வாடகைக்கு இன்னொரு வீட்டுக்கு நான் எங்க போவேன்? என் வீட்டுக்காரி வடிவு அப்பவே பாத்திரத்தைச் சாக்குல கட்ட ஆரம்பிச்சிட்டா.

அந்த நேரத்துலதான் மாடியில குடியிருக்கிற கொம்பையா அண்ணாச்சி காப்பி டம்ளரோட இறங்கி வந்தாரு. அவர் வண்டி உள்பக்கச் சுவர் ஓரமா, தரையைத் தொடுற மாதிரி உறை போட்டு நிக்கும். என் வண்டி கேட்டுப் பக்கம்.

"சொட்டுற எடத்துலயா தேடுதீரு?"ன்னாரு. "ஆயில் சொட்டுற எடம் வேற, ஒழுகுற எடம் வேறவே. மேட்டுலருந்துதான் பள்ளத்துக்கு வரும். எப்பவும் மேட்டுல தேடணும். என்ஜினைத் துடைச்சுட்டுப் பவுடரைப் போட்டு ஒரு சுத்து சுத்திட்டு வாரும். எங்க நனையுதோ அதான் ஓட்டை."

பேச்சு நியாயமாத்தான் இருந்துச்சு. வடிவோட முகப்பவுடரை டப்பாவோட கவுத்துட்டு, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயிட்டு வந்தேன். பவுடர் போட்டது போட்டபடி இருக்கு. ஒரு எடத்துலகூட ஈரம் இல்லை.

"பவுடர் மட்டமான பவுடர்"ன்னாரு அண்ணாச்சி. வடிவு முறைச்சா. அவர் கண்டுக்கிடலை, ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காந்தாரு. "என் வண்டியில ஒழுகுனதை நான் எப்படிக் கண்டுபிடிச்சேன்னு சொல்லுதேன், கேளும். வண்டி எடுத்த புதுசு. ஒரு நாள் பாக்கேன், தரையில ஒத்தச் சொட்டு. கடுகு தண்டிதான். எனக்குச் சோறு இறங்கலை. நாகர்கோயில் வரைக்கும் ஓட்டிப் பாத்தேன். நம்ம வேகத்துக்குக் காத்து ஆயிலைப் பின்னால தள்ளிக்கிட்டே போகுது. என்ஜின்ல ஒழுகுனது டெயில் லைட்டுல போயி நிக்கி."

"எல்லா வண்டியிலயும் அப்படித்தானே அண்ணாச்சி"ன்னேன்.

"எல்லாவனும் அதோட விட்டுருவான். நான் விடலை. நேரா முப்பந்தலுக்குப் போனேன். கரண்டு எடுக்கிற காத்தாடியா நிக்குல்லா, அங்கன. ஆடி மாசம். ஆடு மாடெல்லாம் சாஞ்சிதான் நடக்கும். வண்டியோட முதுகைக் காத்துக்குக் காட்டி ஸ்டாண்டு போட்டேன். அந்த நிமிசமே ஆயில் வந்த வழியே திரும்பிப் போக ஆரம்பிச்சிட்டு. டெயில் லைட்டுலருந்து இறங்குச்சு, சைலென்சர் மேல நடந்துச்சு, கிளச்சு கவர்கிட்ட நின்னு கொஞ்சம் யோசிச்சுது, அப்புறம் ஒரு ஊசி ஓட்டைக்குள்ள நுழைஞ்சிட்டு. நான் கூடவே போயிப் பாத்தேன்."

"ஆயில் யோசிச்சுதாக்கும்?"ன்னா வடிவு.

"அது நல்ல ஆயில் தங்கச்சி. இப்ப வார ஆயில் யோசிக்காது."

எனக்கு வீடே போகப் போகுது, இந்த மனுசன் ஆயிலுக்கு மூளை வச்சுப் பேசுதாரு.

"ஓட்டை தெரிஞ்சு போச்சு. ஆனா ஆயில் போன வழியே காத்தும் உள்ள போயிட்டு. சாவி போடாமலே வண்டி ஸ்டார்ட் ஆயிட்டு. முப்பந்தல் காத்து பூரா என் வண்டிக்குள்ள போனா காத்தாடிக்கு எங்கருந்து வரும்? ஒண்ணொண்ணா நிக்கி. வள்ளியூர் வரைக்கும் கரண்டு இல்லை. காத்தாடிக்காரவுக ஓடி வந்து, 'அண்ணாச்சி, வண்டியை ஆஃப் பண்ணுங்க, உங்க காலைப் பிடிக்கோம்'ங்காவ. நான் வெரலை வச்சு அடைச்சேன். அடைச்ச வெரலை எடுக்க முடியலை. மத்தியானச் சோத்தை அவுகதான் எனக்கு ஊட்டி விட்டாவ."

"என்ன குழம்பு?"ன்னா வடிவு.

"புளிக்குழம்பு"ன்னாரு அண்ணாச்சி, உடனே. "உப்பு கொஞ்சம் தூக்கல். அப்புறம் பாத்தேன், சட்டைப்பையில என் கல்யாணப் பத்திரிகை ஒண்ணு இருந்துச்சு. நல்ல கெட்டி அட்டை. ஒத்தைக் கையால அதை வெட்டி, ஓட்டையை அடைக்கப் பாக்கிங் போட்டு, பலாப்பழப் பாலைத் தடவி ஒட்டுனேன். அன்னைக்கு ஒட்டுனதுதான், இன்னைக்கு வரைக்கும் ஒரு சொட்டு கிடையாது. ஒரே ஒரு குறை. பத்திரிகையில முகூர்த்த நேரம் அச்சடிச்சிருந்துச்சா, வண்டி நல்ல நேரம் பாத்துத்தான் கிளம்பும். ராகுகாலத்துல என்ன மிதிச்சாலும் அசையாது."

மாடியில துணி எடுத்துக்கிட்டு இருந்த அவர் சம்சாரம் பிரமு அக்கா கைப்பிடிச் சுவர்மேல எட்டிப் பார்த்தாங்க.

டீச்சர் வெளியே வர்ற சத்தம் கேட்டுது. என் வண்டிக்கு அடியில நான் போட்டு வச்சிருந்த அட்டையை வடிவு அவசரமா உருவினா. உருவினவ அப்படியே நின்னுட்டா. திருப்பித் திருப்பிப் பார்த்தா.

"ஏங்க, மேல காஞ்சு கெடக்கு. அடியிலல்லா ஆயிலு!"

டீச்சர் அட்டையை வாங்கிப் பார்த்தாங்க. அப்புறம் தரையைப் பார்த்தாங்க. கழுவி விட்டா தண்ணி கேட்டுக்கு ஓடணும்னு அவங்களே கொத்தனார்கிட்ட நின்னு வாட்டம் வச்சுப் போட்ட தரை. உள்பக்கச் சுவர்தான் மேடு.

"மேட்டுல தேடணும்னு சொல்லிக்கிட்டு இருந்தீங்களே கொம்பையா சார், உள்ள கேட்டுச்சு"ன்னாங்க. "உங்க வண்டியைக் கொஞ்சம் நகர்த்துங்க."

"ராகுகாலம் டீச்சர். கிளம்பாது."

"எனக்கு ராகுகாலம் கிடையாது"ன்னுட்டு டீச்சரே உறையைத் தூக்கினாங்க. அடியில ஆயில் ஒரு தோசை அளவுக்கு நின்னுது. அதுலருந்து மெல்லிசா ஒரு கோடு, டைல்ஸ் இடுக்கு வழியா, என் அட்டை இருந்த எடத்துக்கு வந்து சேர்ந்திருந்துச்சு.

எனக்கு அழுகையே வந்துட்டு. வடிவு உள்ளே போயி சாக்கை அவுத்தா. பாத்திரச் சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும்.

கொம்பையா அண்ணாச்சி முகம் கொஞ்சமும் மாறலை. மிச்சக் காப்பியைக் குடிச்சுட்டு, குனிஞ்சு பார்த்துட்டு நிமிர்ந்தாரு.

"போட்ட வேலையில கோளாறு இல்லை டீச்சர். பத்திரிகை பழசாயிட்டு. புதுப் பாக்கிங் போடணும்னா புதுப் பத்திரிகை வேணும். புதுப் பத்திரிகைன்னா நான் இன்னொரு கல்யாணம்லா பண்ணணும்."

மாடியிலருந்து ஒரு பழைய துணி வந்து அவர் தோள்ல விழுந்துச்சு.

"பண்ணிக்கிடுங்க"ன்னாங்க பிரமு அக்கா. "மொதல்ல தரையைத் தொடைங்க."