பெட்டி கட்டிய மூன்று மாமன்கள்

பூவனேந்தலில் ஆவுடையப்பன், சொக்கையா, வன்னியமுத்து என்று மூன்று அண்ணன் தம்பிகள் இருந்தார்கள். ஊரில் யாரும் அவர்களை முட்டாள் என்று சொன்னதில்லை. புதிதாக வருகிறவர்கள் பேசிப் பார்த்துத் தாங்களே தெரிந்துகொள்ளட்டும் என்று விட்டுவிடுவார்கள். மூவரில் நடுவுள்ள சொக்கையாவுக்குத்தான் மூளை அதிகம் என்று மற்ற இருவரும் நம்பினார்கள். சொக்கையாவும் அதை மறுத்ததில்லை.

மலேசியாவில் வாழ்க்கைப்பட்ட அக்கா வள்ளிக்கண்ணு ஒருநாள் போன் செய்தாள். மகளுக்குக் கல்யாணம்.

"மாமன்மார் மூணு பேரும் வந்து மாலை போடாம என் பொண்ணு மணவறை ஏற மாட்டா. சொல்லிட்டேன்" என்றாள்.

 சின்ன வயதில் சொக்கையாவை இடுப்பை விட்டு இறக்காமல் வளர்த்தவள் அவள்தான். தாலி கட்டிக்கொண்டு போனவளை அதன்பிறகு அவர் பார்க்கவேயில்லை.

டிக்கெட் போட்டுக் கொடுத்த ரபீக் தங்கமான மனுஷர். "மத்ததெல்லாம் நான் பாத்துக்கிறேன். நீங்க போய் முதல்ல பெட்டியைக் கட்டுங்க அண்ணே" என்று அனுப்பினார்.

வீட்டுக்கு வந்ததும் புதுப் பெட்டியைத் தேங்காய்நார்க் கயிற்றால் இறுக்கிக் கட்டினார்கள். குறுக்கே நாலு சுற்று, நெடுக்கே நாலு சுற்று. பிறகு கல்யாணப் பட்டு, வேட்டி, அப்பளக்கட்டு, வடகம் எல்லாவற்றையும் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டு மூவரும் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"கயித்தை அவுத்தா என்ன?" என்றான் வன்னியமுத்து.

"ரபீக் கட்டச் சொன்னாரா, அவுக்கச் சொன்னாரா?" என்றார் ஆவுடையப்பன்.

 சொக்கையா நெடுநேரம் கண்ணை மூடி யோசித்தார். பிறகு எழுந்துபோய் அரிவாளை எடுத்துவந்து, பெட்டியின் அடிப்பக்கத்தை அழகாக அறுத்து எடுத்தார். கயிறு அப்படியே இருந்தது, வழியும் கிடைத்துவிட்டது. அது வழியாகச் சாமானை எல்லாம் திணித்து, பெட்டியை நிமிர்த்தி வைத்து, கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினார்கள். சாமான் தரையிலேயே இருந்தது.

"எவ்வளவு லேசா இருக்கு பாத்தியா! சொக்கன் மூளையே மூளை" என்றார் ஆவுடையப்பன்.

தலைகீழாகத் தூக்கினால் சாமானும் கூடவே வரும் என்பதை வன்னியமுத்து கண்டுபிடித்தான்.

மறுநாள் ரபீக் போன் செய்தார். "கூர்மையா எதுவும் கொண்டு வராதீங்க அண்ணே. கூர்மையா எது இருந்தாலும் ஏர்போர்ட்ல நிறுத்திடுவாங்க."

கத்தரிக்கோலை எடுத்து வெளியே வைத்தார்கள். ஊக்கு, சவரக் கத்தி, பேனாவைக்கூட எடுத்தார்கள். அப்போது வன்னியமுத்து சொக்கையாவையே உற்றுப் பார்த்தான். 

"அண்ணே, நம்ம சொக்கண்ணனுக்குப் புத்தி ரொம்பக் கூர்மையாச்சே!"

 ஆவுடையப்பன் தலையில் கை வைத்துக்கொண்டார்.  சொக்கையாவுக்கு அக்கா முகம் கண்முன் வந்து போனது.

"நான் இங்கேயே இருந்துடறேன். நீங்க ரெண்டு பேரும் போய் மாலை போடுங்க" என்றார்.

"அது எப்படிடா? மூணு மாமனும் வரணும்னு சொல்லியிருக்கா. அரிவாளைத் தீட்டாம போட்டா மழுங்கிப் போகுதில்ல? நீ யோசிக்காம இரு. தானா மழுங்கிடும்" என்றார் ஆவுடையப்பன்.

அன்றிலிருந்து சொக்கையா யோசிப்பதை நிறுத்தினார். அது அவருக்குச் சுலபமாக இல்லை. ஏதாவது யோசனை எட்டிப் பார்த்தால் தலையை உதறுவார். சாம்பாரா ரசமா என்று மனைவி கேட்டால், "ஏம்மா என்னைச் சோதிக்கிற? நீயே ஊத்து" என்று கும்பிடுவார். சாயங்காலமானால் ஆவுடையப்பன் பரீட்சை வைப்பார்.

"ரெண்டும் ரெண்டும் எவ்வளவு?"

"அஞ்சு."

"சரியாச் சொல்லிட்டானே! இன்னும் மழுங்கலையே!" என்று கவலைப்படுவார்.

அதற்குள் ரபீக், "தண்ணி மாதிரி எதுவும் கையில இருக்கக் கூடாது அண்ணே" என்று வேறு சொல்லிவிட்டார். வன்னியமுத்துவுக்குப் பயம் வந்தால் உள்ளங்கை வேர்க்கும். சொக்கையாவிடம் யோசனை கேட்கவும் வழியில்லை. ஆகவே புறப்படுகிற அன்று இரண்டு கையிலும் கோலமாவை அப்பிக்கொண்டு, யாரையும் தொடாமல், சாமி வந்தவன் மாதிரி கைகளை முன்னால் நீட்டியபடியே வந்தான்.

விமான நிலையத்தில் பெட்டி வாங்கும் பெண், தலைகீழாக இருக்கிறதே என்று அதை நிமிர்த்தி நகரும் பட்டையில் வைத்தாள். பெட்டி உள்ளே போனது. சாமான் கீழே நின்றது.

"பாத்தியா, பெட்டியை அவங்க கொண்டு வர்றாங்க. சாமானை நம்மகிட்டயே விட்டுட்டாங்க. நம்பிக்கையான ஆளுங்க" என்றார் ஆவுடையப்பன். வேட்டியை விரித்து எல்லாவற்றையும் மூட்டையாகக் கட்டித் தோளில் போட்டுக்கொண்டார்.

சோதனை செய்கிற இடம் வந்தது. வன்னியமுத்துவின் கையைப் பார்த்த அதிகாரி, "என்னய்யா இது?" என்றார்.

"கோலமாவு சார்."

அவர் அதை முகர்ந்து பார்த்துவிட்டு, மேற்கொண்டு கேட்க விரும்பாமல் அனுப்பிவிட்டார். அடுத்தது சொக்கையா. சோதனை வாசல் வழியாக நடந்தார். மணி அடிக்கவில்லை. அதிகாரி கருவியால் அவர் தலைவரைக்கும் தடவிப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்லை, போங்க" என்றார்.

சொக்கையாவுக்குச் சந்தோஷமாக இருந்தது. கொஞ்ச தூரம் நடந்ததும் மனசு ஒருமாதிரி ஆகிவிட்டது.

"ஒண்ணுமே இல்லைன்னுட்டாரே அண்ணே."

"விடுடா. ஊருக்கு வந்து தீட்டிக்கலாம்" என்று ஆவுடையப்பன் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

கடைசியில் ஒரு கதவு திறந்தது. வெளியே விமானத்துக்குக் கூட்டிப்போகிற நீளமான பஸ் ஒன்று நின்றது. கூட்டத்தோடு ஏறி, பின்னால் இருந்த சீட்டுகளில் உட்கார்ந்து கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார்கள். பஸ் கிளம்பியதும் மூவரும் கண்ணை மூடிக் குலதெய்வத்தை வேண்டினார்கள். கொஞ்ச தூரம் போய் நின்றது. எல்லோரும் முண்டியடித்து இறங்கினார்கள்.

வன்னியமுத்துவும் எழுந்தான். ஆவுடையப்பன் அவனைப் பிடித்து உட்கார வைத்தார். "நின்ன உடனே எல்லாரும் அவசரப்படுவாங்க, நீங்க பொறுமையா உக்காந்திருங்கன்னு ரபீக் சொன்னாரில்ல?"

பொறுமையாக உட்கார்ந்திருந்தார்கள். டிரைவர் திரும்பிப் பார்க்காமல் வண்டியை எடுத்தார். நிலையத்தைச் சுற்றிக்கொண்டு போய் இன்னொரு வாசலில் நிறுத்தினார். அங்கே வேறொரு விமானத்தில் வந்த கூட்டம் வெளியே போய்க்கொண்டிருந்தது. மூவரும் டிரைவருக்குக் கும்பிடு போட்டு இறங்கி, அந்தக் கூட்டத்தோடு வெளியே வந்தார்கள்.

"கடலைப் பாத்தியாடா?" என்று ஆவுடையப்பன் வன்னியமுத்துவைக் கேட்டார்.

"கண்ணை மூடியிருந்தேன் அண்ணே."

வெளியே டீக்கடை இருந்தது. போர்டெல்லாம் தமிழில் இருந்தது. "நம்ம ஆளுங்க இங்க வந்து எப்படி முன்னேறியிருக்காங்க!" என்று ஆவுடையப்பன் நெகிழ்ந்துபோனார்.

சொக்கையா அக்காவுக்குப் போன் போட்டார். "அக்கா, வந்துட்டோம்! வாசல்ல நிக்கிறோம்."

வள்ளிக்கண்ணுவும் அதே வயிற்றில் பிறந்தவள்தான். ஆசை தாங்காமல் காலையிலேயே மலேசியா விமான நிலையத்துக்கு வந்துவிட்டாள். "நானும் வாசல்லதான்டா நிக்கிறேன். ஆனா உங்க பிளேன் சாயங்காலம்தான் வரும்னு இங்க போட்டிருக்கே?"

"அது லேட்டு போல. நாங்க முன்னாடியே வந்துட்டோம்."

"அப்ப ஏன் கண்ணுக்குத் தெரியல? கையைத் தூக்கு!"

சொக்கையா கையைத் தூக்கினார். "தெரியுதா?"

"இல்லையே. கூட்டம் மறைக்குது. இன்னும் உசரமா!"

ஆவுடையப்பன் மூட்டையை இறக்கிவிட்டுக் குனிந்தார். சொக்கையா அவர் தோளில் ஏறி, துண்டை விரித்து ஆட்டினார்.

"தெரியுதுடா!" என்று அக்கா அலறினாள். "ஒரு கை தெரியுது!"

"அது நான்தான்க்கா!" சொக்கையாவுக்குக் கண்ணீர் கொட்டியது.

"அப்படியே இரு, கையை இறக்கிடாதே. இதோ வந்துட்டேன்!"

சொக்கையா கையை இறக்கவில்லை. அக்கா களைத்துப்போய் வருவாளே என்று வன்னியமுத்து நாலு டீ சொன்னான்.