விறகடுக்குக்கு அந்தப் பக்கம்

"பிரைவசின்னா என்ன சாமி?"

சாமி சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் நீர் வழிந்தது. துடைக்கவில்லை. மடத்துக்கு வருமுன் அவர் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவர்.

கேட்டவர் சாமியைவிட வயதில் நன்றாக மூத்தவர். பெயர் மாசானமுத்து. போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி பிச்சம்மாள் இறந்த வருஷமே மடத்துக்கு வந்து சீடராகச் சேர்ந்தார். சாமி உட்பட எல்லோருக்கும் அவர் ஏட்டையாதான்.

"அந்த வார்த்தையை எங்கே கேட்டீங்க?" என்றார் சாமி.

"கிருபான்னு ஒரு பொண்ணு வந்து தங்கியிருக்கே, அது சொல்லிச்சு. இதுக்கு முன்னால வக்கீலுங்க வாயில கேட்டிருக்கேன். அவங்க சொல்றதுக்கெல்லாம் அர்த்தம் கேட்டா வேலை நடக்காது. விட்டுட்டேன்."

மலையடிவாரத்தில் இருந்தது அந்த மடம். அங்கே எந்த அறைக்கும் தாழ்ப்பாள் கிடையாது. கதவை வெறுமனே சாத்தலாம், அவ்வளவுதான். யார் வந்தாலும் மூன்று நாள் கேள்வியில்லாமல் தங்கலாம். அதற்கு மேல் இருக்கலாமா கூடாதா என்று வாசல் பார்ப்பவர் சொல்ல வேண்டும். அவர் சொன்னதைச் சாமிகூட மாற்றமாட்டார். இப்போது வாசல் பார்ப்பவர் ஏட்டையா. கிருபா வந்து மூன்றாவது நாள் அது.

"கதவைச் சாத்திட்டு உள்ளேயிருந்து கட்டிலை இழுத்து முட்டுக் குடுக்குது சாமி. சத்தம் வாசல் வரைக்கும் கேக்குது. ஏம்மான்னு கேட்டேன். கொஞ்சம் பிரைவசி வேணும்னு சொல்லுது."

"சரி."

"பால்வண்டி வந்தா உள்ளே ஓடிருது. செல்போனை அணைச்சே வெச்சிருக்கு. பையைத் தலைக்கு வெச்சுத்தான் படுக்குது."

"தூங்கும்போது போய்ப் பார்த்தீங்களா?"

ஏட்டையா கொஞ்சம் நிறுத்தினார். "சொர்ணக்கா சொன்னா" என்றார். சொர்ணக்கா மடத்தில் சமையல்.

"அந்தப் பொண்ணு உங்ககிட்ட வேற என்ன சொல்லிச்சு?"

"இங்கேயும் இல்லைன்னா எனக்குப் போக இடமில்லைன்னு சொல்லிச்சு. எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க சாமி. நாளைக் காலையில நான் முடிவு சொல்லணும். வார்த்தைக்கு அர்த்தம் தெரியாம என்னன்னு சொல்ல?"

"உங்களுக்கு என்னன்னு தோணுது?"

"ஒளிக்கிறதுன்னு தோணுது."

"எங்கே, ஒரு வாக்கியத்துல வெச்சுச் சொல்லுங்க."

ஏட்டையா யோசித்தார். "திருடன் பிரைவசியா பணத்தைப் புதைச்சான்."

சாமி சிரித்துவிட்டார். "இதுக்கு நான் மார்க் போடமாட்டேன், ஏட்டையா."

"அப்போ சரியானதைச் சொல்லுங்க."

சாமி அடுத்த வெங்காயத்தை எடுத்தார். "சமையல்கட்டுல விறகெல்லாம் ஈரம். சொர்ணக்கா புகையில கிடந்து சாகிறா. தொழுவத்துக்குப் பின்னால இருக்கிற அடுக்கைப் பிரிச்சுக் கொண்டுவந்து போடுங்க."

"அந்த அடுக்கையா?"

"அதைத்தான். முழுசா."

மாட்டுத்தொழுவத்தின் பின்சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளி, ஆள் உயரத்துக்கு நின்றது அந்த அடுக்கு. அதிலிருந்து ஒரு குச்சிகூட யாரும் எடுத்ததில்லை. அடைமழையில் அடுப்பு எரியாமல் எல்லோரும் அவல் தின்ற நாளிலும் எடுக்கவில்லை. கேட்டால் சாமி தொடக்கூடாது என்றிருக்கிறார் என்பாள் சொர்ணக்கா. வந்த வருஷத்திலிருந்தே ஏட்டையாவுக்கு அதன்மேல் ஒரு கண். எரிக்காத விறகை எதற்கு அடுக்கி வைக்க வேண்டும்? அடியில் ஏதோ இருக்கிறது. அவருடைய கணக்கு இதுவரை தப்பியது குறைவு. சாமியைக் கும்பிடும்போதுகூட அந்த எண்ணம் ஒரு மூலையில் கிடந்தது. அதற்காகத் தன்னையே கடிந்துகொள்வார். ஆனாலும் எண்ணம் போகாது.

அன்றைக்கு அவர் அதைத் தன் கையால் பிரித்தார். கட்டை கட்டையாகத் திருப்பிப் பார்த்துத்தான் சுமந்தார். பல்லிகள் ஓடின. ஒரு தேள். கடைசி வரிசையை எடுத்ததும் கடப்பாரை கொண்டுவந்து அடித்தரையைக் குத்திப் பார்த்தார். எல்லா இடத்திலும் கெட்டி மண்.

"என்ன ஏட்டையா, கிணறு தோண்டுறீங்களா?" என்றாள் சொர்ணக்கா.

"பாம்புப் பொந்து இருக்கான்னு பார்த்தேன்."

ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாததைச் சாமி எதற்கு இத்தனை காலம் காத்தார் என்று சந்தேகம் கூடத்தான் செய்தது.

பொழுது சாய்ந்து விளக்கு வைத்தார்கள். தினமும் அந்த நேரத்துக்கு ஏட்டையா தொழுவத்துக்குப் பின்னால் போவார். அங்கே சுவருக்கும் அடுக்கு இருந்த இடத்துக்கும் நடுவே கவிழ்ந்து கிடக்கும் பழைய கல்தொட்டியின்மேல் உட்காருவார். பிச்சம்மாளிடம் அன்றைய சங்கதியைச் சொல்வார். குழம்பில் உப்பு கூடியது, முட்டி வலித்தது, யார் வந்தார் யார் போனார், எல்லாம். சில நாள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அழுகை வரும். அழுதுவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்புவார். ஸ்டேஷனில் அவர் அழுது யாரும் பார்த்ததில்லை. மடத்திலும் பார்த்ததில்லை.

அன்றும் போய் உட்கார்ந்தார். "பிச்சம்மா" என்று வாயெடுத்தார்.

எதிரே சமையல்கட்டு வாசலில் சொர்ணக்கா பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் கிணற்றடியில் இரண்டு பேர் தண்ணீர் இறைத்தார்கள். பாதையில் ஒருவர் போனார். எல்லோரும் இங்கிருந்து தெரிந்தார்கள்.

சொர்ணக்கா நிமிர்ந்து பார்த்தாள். "ஏட்டையா, யார்கிட்ட பேசுறீங்க?"

"யார்கிட்டயும் இல்லை. மாட்டைப் பார்க்க வந்தேன்."

"மாடு தொழுவத்துக்குள்ளேல்ல நிக்குது."

கிணற்றடியில் ஒருவர் சிரித்தார். கேலியாகக்கூட இல்லை, சும்மாதான். ஏட்டையா எழுந்துவிட்டார்.

மூங்கில் புதர்ப் பக்கம் போனார். அங்கே துணி காயப்போட்டிருந்தவர் மடித்துக்கொண்டே, "எதையாவது தொலைச்சிட்டீங்களா?" என்றார். குளத்துப் படிக்கட்டுக்குப் போனார். அங்கேயும் ஆள். எங்கே போனாலும் ஒரு ஜோடிக் கண் அவரைப் பார்த்தது. ஒவ்வொருவரும் அக்கறையாகத்தான் ஏதோ கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் அவர் ஒரு பொய் சொன்னார்.

பிச்சம்மாளிடம் ஒன்றும் சொல்லாமலே திரும்பினார். மடத்துக்கு வந்தபின் அப்படி ஒரு நாள் இருந்ததில்லை.

வரும் வழியில் விருந்தாளி அறை. உள்ளே கட்டில் கால் தரையில் உரசும் சத்தம். வழக்கமாக அந்தச் சத்தம் கேட்டால் நின்று காது கொடுப்பார். அன்றைக்கு அடி வைக்கிற ஓசைகூட வராமல் கடந்துபோனார்.

காலையில் சாமியைத் தேடினார். சாமி தொழுவத்துக்குப் பின்னால் இருந்தார். சமையல்கட்டிலிருந்து விறகைத் திரும்பச் சுமந்துவந்து, பழைய இடத்திலேயே அடுக்கிக்கொண்டிருந்தார். சொர்ணக்கா இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"எடுத்துட்டு வாங்கன்னதும் நீங்க, எடுத்துட்டுப் போறதும் நீங்க. நான் எதை எரிக்க?"

"எனக்கு ஒரு நாள்தான் வேண்டியிருந்துச்சு, சொர்ணக்கா. சாயங்காலம் டவுன்லேருந்து ஒரு வண்டி விறகு வருது. இன்னிக்கு மட்டும் அவல் போடுங்க."

அவள் முணுமுணுத்துக்கொண்டே போனாள்.

ஏட்டையா ஒரு கட்டையை எடுத்துக் கொடுத்தார். சாமி வாங்கி அடுக்கினார். கொஞ்ச நேரம் அப்படியே வேலை நடந்தது.

"அந்தப் பொண்ணு இருக்கட்டும் சாமி."

"எதை ஒளிக்குதுன்னு கண்டுபிடிச்சாச்சா?"

"இல்லை."

"கேட்டீங்களா?"

"கேக்கலை."

சாமி அடுத்த கட்டைக்குக் கையை நீட்டினார். ஏட்டையா கட்டையை எடுக்கவில்லை. வேட்டி மடியிலிருந்து ஒரு பொருளை எடுத்துக் காட்டினார். இரும்புத் தாழ்ப்பாள். தன் டிரங்குப் பெட்டியிலிருந்து திருகாணியோடு கழற்றி எடுத்திருந்தார்.

"இந்த மடத்துல வழக்கமில்லை. இருந்தாலும் அந்த ரூமுக்கு மட்டும் ஒண்ணு போட்டுக்கலாமா? கட்டிலை இழுத்து இழுத்துத் தரை பெயர்ந்துரும்."

"தரைக்காகவா?"

"தரைக்காகன்னே வெச்சுக்கங்க."

"உள்பக்கமா போடுங்க" என்றார் சாமி.

அடுக்கு இடுப்பு உயரத்துக்கு வந்திருந்தது. ஏட்டையா கல்தொட்டியைப் பார்த்தார். பிறகு விறகைப் பார்த்தார். பழைய பழக்கம், கேட்காமல் இருக்க முடியவில்லை.

"இதை முதல்ல அடுக்கினது யாரு சாமி?"

"நான்தான்."

"எப்போ?"

"நீங்க வந்த மாசம். பொழுது சாய்ஞ்சா நீங்க இங்கே வர்றதைப் பார்த்தேன்."

ஏட்டையாவின் முகம் இறுகியது. இத்தனை வருஷம் அவர் பேசியது, அழுதது, மூக்கைச் சிந்தியது எல்லாம் மனதில் ஓடின. குரல் விசாரணைக் குரலாக மாறியதை அவரே கவனித்தார்.

"அப்போ நான் இங்கே வந்து என்ன பண்ணுவேன்னு சாமிக்குத் தெரியும்."

சாமி கடைசிக் கட்டையைப் பொருத்தி, அது ஆடாமல் நிற்கிறதா என்று தட்டிப் பார்த்தார்.

"தெரியாது ஏட்டையா. விறகு மறைச்சிருந்துச்சே."