மேலாளரின் பாஸ்வேர்டு

மச்சானுக்காக மனுஷன் என்னவெல்லாம் செய்வான், கேளுங்கள்.

ஈரோட்டில் ஒரு நூல் ஆலை. அங்கே வருகை நேரத்தைத் திருத்தும் உரிமை கம்ப்யூட்டரில் ஒரு சிறு குழுவுக்கு மட்டும்தான். மேலாளர் மாசிலாமணி அந்தக் குழுவில் தன் மச்சானைச் சேர்த்தார். அவன் தாமதமாக வந்த நாளையெல்லாம் திருத்திக்கொண்டான். தணிக்கை வருகிறது என்றதும் அவனை நீக்கினார். ஆனால் சேர்த்தது யார், நீக்கியது யார் என்று கம்ப்யூட்டரின் பதிவேடு எழுதி வைத்திருந்தது.

கம்ப்யூட்டர் பிரிவின் தற்காலிக ஊழியர் கோமளவல்லியைக் கூப்பிட்டார்.

"அந்தப் பதிவேட்டையே அழிச்சுப்போடு. இல்லேன்னா நாளைக்கு வேலைக்கு வராதே!"

"உங்க பாஸ்வேர்டு போட்டாத்தான் அழியுங்க சார். அது வேற யாருக்காச்சும் தெரியுங்களா?"

"என் பெண்டாட்டிக்கே தெரியாது, தள்ளு!" என்று தானே உட்கார்ந்து அழித்தார்.

மதியம் தணிக்கையாளர் திறந்து பார்த்தார். பதிவேட்டில் ஒரே ஒரு வரி இருந்தது: 'எல்லாவற்றையும் அழித்தவர், மாசிலாமணி.'

"எவனோ என் பாஸ்வேர்டைத் திருடிட்டான்!" என்று குதித்தார் மேலாளர்.

"வீட்டம்மாவுக்கே தெரியாதுன்னு காலையிலதானுங்களே சொன்னீங்க?" என்றாள் கோமளவல்லி, பணிவாக.

மறுநாள் அவள் வழக்கம்போல் வேலைக்கு வந்தாள். மச்சானும் வந்திருந்தான், முதல்முறையாக நேரத்துக்கு.