தாழிக்குள் இருந்த கொக்கு

கற்பூரம் அடித்துச் சத்தியம் பண்ணுகிறேன், இதில் ஒரு சொல் பொய்யில்லை. பொய்யென்றால் வாயில் மிச்சமிருக்கும் பற்களும் நாளை விடிவதற்குள் உதிர்ந்து போகட்டும்!

முன்னொரு காலத்தில் ஆம்பல் நாட்டைக் குணவீரன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் காலையில் சர்க்கரைப் பொங்கல் கேட்பார், இலை போட்டதும் புளியோதரை எங்கே என்பார். அந்தப் புத்தியை வைத்துக்கொண்டும் நாடு ஒழுங்காக நடந்ததென்றால், காரணம் மந்திரி குழைக்காதர். அவருக்கு வலது கால் கொஞ்சம் இழுக்கும். நாக்கு இழுக்காது.

ஒருநாள் பழைய கோட்டைச் சுவரை இடித்தபோது வாய் மூடிய தாழி ஒன்று கிடைத்தது. உள்ளே ஓர் ஓலைச்சுவடி. எழுத்து தமிழுமில்லை, கிரந்தமுமில்லை, கப்பல்காரர்கள் கிறுக்கும் எந்த எழுத்துமில்லை. அங்கங்கே கோட்டுப் படங்கள் வேறு.

“இதைப் படித்துச் சொல்கிறவருக்கு என் வலப்பக்க ஆசனம்!” என்றார் ராஜா. அது குழைக்காதரின் ஆசனம். அவர் அதில் உட்கார்ந்திருக்கும்போதே ராஜா சொன்னார்.

அந்த ஆசனத்தின் மேல் பண்டிதர் வாகீசருக்கு நெடுநாளாக ஒரு கண். சுவடியை வாங்கினார், கண்ணை மூடினார், உடம்பைச் சிலிர்த்துக்கொண்டார்.

“மகாராஜா, இது தேவலிபி! என் வாயால் எப்படிச் சொல்வேன்?”

“வாயால்தான் சொல்லவேண்டும். சொல்லும்.”

“இதோ, ஒற்றைக் காலை மேலே தூக்கிக்கொண்டு மல்லாந்து செத்துக் கிடக்கிறது ஒரு கொக்கு. அதற்கு மேலே அனல் அலையடிக்கிறது. ‘கால் ஊனமானவன் அரசன் பக்கத்தில் இருந்தால் மழை பொய்க்கும்’ என்று எழுதியிருக்கிறது.”

சபை முழுக்கத் திரும்பிக் குழைக்காதரின் காலைப் பார்த்தது. அவரும் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

அந்த வருஷம் மழை தள்ளிப்போயிருந்தது. ராஜா சாளரத்தின் வழியே வானத்தைப் பார்த்தார். “குழைக்காதரே, மனசில் வைத்துக்கொள்ளாதீர். வெள்ளிக்கிழமை எல்லையைத் தாண்டிவிடும்.”

“அப்படியே அரசே. அதுவரை அந்த ஓலை என்னிடம் இருக்கட்டும். என்னைத் துரத்துகிற எழுத்தை ஒரு பிரதி எடுத்துக்கொள்கிறேன்.”

வீட்டில் மனைவி கோமளம் கண்ணைத் துடைத்தபடி ஊறுகாய்ச் சாடிக்குத் துணி கட்டிக்கொண்டிருந்தாள். “படிக்கத் தெரியாததை எழுதி என்ன ஆகப்போகிறது?”

“எழுதவில்லை கோமளம், வரைகிறேன். படிக்க வராவிட்டால் படம் போடக்கூடவா வராது?”

பண்டிதர் பிடித்த பக்கமாகவே ஓலையை வைத்து, எழுத்தாணியால் ஒவ்வொரு சுழியாக இழுத்தார். கை முரண்டு பிடித்தது. ஆணி தொடங்குமிடத்தில் ஆழமாக இறங்கும், முடியுமிடத்தில் மெலிந்து நழுவும். எவர் கைக்கும் அதுதான் வழக்கம். இங்கேயோ மெலிந்த வாலில் தொடங்கி ஆழத்தில் போய் முட்ட வேண்டியிருந்தது. புது ஓலை கிழிந்தது. அடுத்ததும் கிழிந்தது.

கோமளம் மோர்ச் செம்பை வைக்க இடம் வேண்டி, பழைய ஓலையை அரைவட்டம் சுற்றித் தள்ளினாள். குழைக்காதர் அதை எட்டிப் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார்.

“சாடியை அவிழ்த்து உள்ளே வை” என்றார்.

வெள்ளிக்கிழமை. குழைக்காதர் சபையில் கைகூப்பி நின்றார். “கிளம்பிவிட்டேன் அரசே. ஒரே குறை. என் கைக்குத் தேவலிபி வசப்படவில்லை. ராஜாவின் திருக்கரத்தால் ஒரு வரி போட்டுத் தந்தால் ஆயுசுக்கும் வைத்துக் கும்பிடுவேன்.”

தம் கையெழுத்தின் மேல் ராஜாவுக்கு அலாதிப் பெருமை. “கொண்டுவாருங்கள் எழுத்தாணியை!”

“பண்டிதரே, ஓலையை எந்தப் பக்கமாக வைக்க? படித்தவர் நீர்தானே.”

“இப்படி! இம்மி பிசகாமல் இப்படியேதான்!” என்று வாகீசரே வைத்துக் கொடுத்தார்.

ராஜா இழுத்தார், கிழிந்தது. மறுபடி இழுத்தார், மறுபடி கிழிந்தது. நெற்றியில் வியர்வை.

“உங்கள் பெயரைப் போட்டுப் பாருங்கள் அரசே.”

பெயர் வழுக்கிக்கொண்டு ஓடியது. குழைக்காதர் அதன்மேல் மை தடவித் துடைத்தார். “தொடங்கின இடம் ஆழம், கன்னங்கறுப்பு. முடிந்த இடம் மயிரிழை. இப்போது பழைய ஓலையைப் பாருங்கள்.”

ராஜா பார்த்தார். அதிலோ தொடங்குமிடம் மயிரிழை, முடியுமிடம் ஆழம். ஓலையைத் தாமே மெல்லத் தலைகீழாகத் திருப்பினார். வரைந்தார். கை வெண்ணெயில் போவதுபோல் போனது. சுழி, வளைவு, அப்புறம் கொக்கு. கொக்கு ஒற்றைக்காலில் நிமிர்ந்து நின்றது. அனல் என்ற கோடுகள் அதன் காலடியில் தண்ணீராக அலையடித்தன.

“அட, இது சாகவே இல்லையே! மீனுக்கு நிற்கிறது!”

“ஒரு காலை மடக்கி நிற்கிற கொக்குக்கு ஊனமில்லை அரசே. பசி.”

சபை கொல்லென்று சிரித்தது. “வாகீசரே, தேவர்கள் எழுதுவதைத் தலைகீழாகப் பிடித்தா படிப்பார்கள்?” என்றார் ராஜா. பண்டிதர் மெல்ல ஒரு தூணுக்குப் பின்னால் நகர்ந்தார்.

“சரி, இதில் என்னதான் எழுதியிருக்கிறது?”

“தெரியாது அரசே. வரைந்தது நீங்கள். உங்கள் கைக்கு என்ன பட்டது?”

ராஜா விரல்களைப் பார்த்தபடி யோசித்தார். “எழுதினவனுக்கு அவசரமே இல்லை. சிறகுப் பக்கம் ரொம்ப நேரம் நின்றிருக்கிறான். அந்தப் பறவை மேல் அவனுக்கு ஆசை.”

“சாபம் கொடுக்கிற கை அப்படி நிற்குமா?”

“நிற்காது” என்ற ராஜா, பண்டிதர் பக்கம் சீறித் திரும்பினார். “இவரை எல்லைக்கு அப்பால் தள்ளுங்கள்!”

“வேண்டாம் அரசே. அவர் சொன்னார், நீங்கள் எல்லோரும் நம்பி என் காலைப் பார்த்தீர்கள். அவரை மட்டும் துரத்துவானேன்? சுவடி முழுவதையும் அவர் வரையட்டும். என்ன எழுதியிருக்கிறது என்று யார் கேட்டாலும் உண்மையைச் சொல்லட்டும்.”

ராஜாவுக்கு முகம் சுண்டிவிட்டது. எழுந்து வந்து, குழைக்காதரின் கையைப் பிடித்துப் பழைய ஆசனத்தில் உட்கார வைத்தார். காலுக்கு ஒரு திண்டு போடச் சொன்னார்.

மறுநாளிலிருந்து அரண்மனை வாசலில் உட்கார்ந்து வரைந்தார் பண்டிதர். போகிறவர், வருகிறவர், தயிர்க்காரி, எல்லோரும் கேட்டார்கள்: “என்ன சாமி எழுதியிருக்கு?” முதலில் “தெரியாது” என்ற சொல் மீன்முள் மாதிரி தொண்டையில் குத்தியது. போகப்போக அதுவும் பழகிவிட்டது. ஒருநாள் குழைக்காதர் அந்த வழியாகப் போனபோது, பண்டிதர் அவர் அங்கவஸ்திரத்தைப் பிடித்து இழுத்தார்.

“ஓய், இங்கே வந்து பாரும்! இந்த நண்டை எவ்வளவு அழகாகப் போட்டிருக்கிறான்!”

குழைக்காதர் காலை நீட்டிப் பக்கத்தில் உட்கார்ந்தார். “கொஞ்சம் நகரும். நானும் ஒன்று போடுகிறேன்.”

அவ்வளவுதான் கதை. யார் சொன்னதென்று மட்டும் மூச்சு விட்டுவிடாதீர்கள். வாகீசர் வம்சத்தார் எனக்கு எதிர்வீடு.