வைத்தியர் ருசி பார்த்த காலைப்பொழுது

முன்னொரு காலத்தில் பூவானி நாட்டை வல்லபராயன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான், ஆனால் உச்சிப்பொழுதுக்கு மேல்தான் நல்லவர். கண் விழிக்கும்போதே கட்டிலைச் சுற்றி ஜோசியர், ஒற்றர், தூதர் என்று ஒரு சந்தையே கூடி நின்றால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? ஒருநாள் காலையில் தண்ணீர்ச் செம்பைத் தாமதமாக நீட்டிய பணியாளை நாடுகடத்தச் சொல்லிவிட்டு, மாலையில் அதை நினைத்து அழுதேவிட்டார்.

அவருக்குப் பழைய நாட்கள் ஞாபகம் வந்தன. இளவரசனாக எல்லைப் பாசறையில் இருந்தபோது, ஆற்றில் முகம் கழுவிவிட்டு, வேப்பங்குச்சியோடு கரையில் உட்கார்ந்து விடிவதைப் பார்த்துக்கொண்டே இருப்பார். அந்தக் காலை எங்கே போனதென்று இரவெல்லாம் யோசித்தார்.

மறுநாள் சபையில், பாசறை நாளிலிருந்து கூடவே இருக்கும் அமைச்சர் அம்பலக்கூத்தரிடம், “அந்தக் காலையை எனக்கு மீட்டுத் தாரும். முடியாவிட்டால் பதவியை விட்டு இறங்கும்,” என்றார்.

அமைச்சர் நாற்காலிமேல் வெகுநாளாகக் கண் வைத்திருந்த அரண்மனை வைத்தியர் சிகாமணி முந்திக்கொண்டார். “பிரபு, என்னிடம் நாற்பது அங்கம் கொண்ட காலைமுறை இருக்கிறது. கோழி கூவுமுன் எழுந்து பதினாறு கஷாயம், நூறு தோப்புக்கரணம், அப்புறம் தலைகீழாக நின்று மந்திரம். அமைச்சருக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது?”

“அருமையான முறை,” என்றார் அம்பலக்கூத்தர். “ஆனால் உணவோ மருந்தோ, கொடுப்பவர் ருசி பார்த்த பிறகுதானே ராஜா வாய்க்குப் போகும்? அதுதானே அரண்மனை வழக்கம்? மூன்று நாள் வைத்தியரே ருசி பார்க்கட்டும்.”

வைத்தியரால் மறுக்க முடியவில்லை. முதல்நாள் நெஞ்சை நிமிர்த்தி வந்தார். இரண்டாம்நாள் சீடர்கள்மேல் எரிந்து விழுந்தார். மூன்றாம்நாள் சிவந்த கண்ணோடு தள்ளாடி வந்தவரை, “உடம்பு எப்படி?” என்று ராஜா கேட்டார்.

“காலங்காத்தாலே வந்து என் உயிரை வாங்காதே, போ அந்தப் பக்கம்,” என்று சீறினார் வைத்தியர்.

காவலர்கள் வேலோடு பாய்ந்து வந்தார்கள். ராஜாவுக்கோ அது தன் குரலாகவே கேட்டது. கண்ணில் நீர் வரச் சிரித்தார். “வைத்தியரே, இனி விடிந்து இரண்டு நாழிகை வரை என் படுக்கையறை வாசலில் நில்லும். வருகிற எல்லோரிடமும் இதையே சொல்லும்,” என்றவர், அமைச்சரைப் பார்த்தார். “உம் மருந்து?”

“முப்பது வருஷமாக ருசி பார்த்துவருகிறேன், பிரபு.”

மறுநாள் விடியலில் இருவரும் பின்வாசல் வழியாக ஆற்றுக்குப் போனார்கள். குளிர்ந்த தண்ணீரில் முகம் கழுவினார்கள். வேப்பங்குச்சி, ஆளுக்கொரு செம்பு நீராகாரம், அவ்வளவுதான். பேச்சே இல்லை. பனி விலகி எதிர்க்கரை தெரிந்தபோது ராஜாவின் கண் கலங்கியது.

“அந்தப் பணியாளைத் திரும்ப அழைத்துவரச் சொல்லும்,” என்றார் முதலில். பிறகு, “இது தெரிந்தும் இத்தனை வருஷம் ஏனய்யா என்னிடம் சொல்லவில்லை?”

“சொல்ல வந்திருந்தால், பிரபு, கட்டிலருகே கூட்டத்தில் இன்னும் ஒருவன் கூடியிருப்பான்.”

ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி அமைச்சர் கழுத்தில் போட்டார். “நாளைக்கும் வாரும். ஆனால் இவ்வளவு பேச வேண்டாம்.”