சாந்தைத் தின்ற இச்சி

அந்தக் காலத்தில் மரங்களுக்குக் கால் இருந்தது, சுவர்களுக்கு வாய் இருந்தது. இச்சிமரம் ஊர் ஊராகப் போய் நிழல் விற்றுப் பிழைத்தது. பேரத்தில் அதை அசைக்க ஆளில்லை. மூக்குக்கு மேல் கோபம் வேறு.

ஒரு மழைக்காலத்தில் சமணப் பள்ளி ஒன்றைக் கடந்து போனபோது, அதன் மேற்குச் சுவர் வயிறு தள்ளி நின்றது.

"அக்கா, ஒரு கை கொடு!" என்று கத்தியது சுவர். "நான் விழுந்தால் கூரையும் விழும். உள்ளே குரத்தியார் இருக்கிறார், துறவியம்மா."

"வெளியே வரச் சொல்லேன். கால் இல்லையா அவருக்கு?"

"மழை ஓயும்வரை படி தாண்டமாட்டார். ஈரமண்ணில் ஊரும் உயிர்களை மிதித்துவிடக் கூடாதாம்."

"நல்ல நோன்பு! நோன்பு அவருக்கு, தோள்வலி எனக்கா? என்ன தருவாய்?"

"என்னிடம் செங்கல்தானே இருக்கிறது?"

இச்சி முகர்ந்து பார்த்தது. "நடுவில் மணக்கிறதே, அது?"

"கடுக்காயும் வெல்லமும் போட்டு அரைத்த சுண்ணாம்புச் சாந்து. அதைக் கொடுத்தால் நான்..." செங்கல் ஒன்று நழுவியது. "சரி, எடுத்துக்கொள்! பிடி!"

இச்சி சுவரைக் கட்டிப்பிடித்தது. மழை ஓயும்வரை சந்து சந்தாக வேரை விட்டுச் சாந்தைத் தின்றது.

வானம் வெளுத்தது. "பேரம் முடிந்தது, வருகிறேன்" என்று ஒரு வேரை உருவியது. பொலபொலவென்று செங்கல் கொட்டியது. கூரை முனகியது. சாந்து இருந்த இடமெல்லாம் இப்போது வேர்தான் இருந்தது.

இச்சி வாசல் பக்கம் குனிந்து கத்தியது. "தாயே! மழைதான் விட்டதே, ஓடி வாருங்கள்!"

குரத்தியார் வாசலில் குந்தி, மயிற்பீலியால் எறும்புகளை மெல்ல வெளியே ஒதுக்கிக்கொண்டிருந்தார். "இவர்கள் முதலில் போகட்டும். முட்டையும் கையுமாக இருக்கிறார்கள்."

"எறும்புக்காகவா நான் நிற்பது? எறும்போடு எனக்கு என்ன பேரம்?"

"உன்னை யார் பிடித்து வைத்தது? போயேன்" என்றார் அவர், தலை நிமிராமல்.

இச்சி வேரைத் தூக்கியது. உச்சிச் செங்கல் ஆடியது. கீழே முட்டை சுமந்த எறும்பு ஒன்று அப்படியே நின்று மீசையை அசைத்தது.

"தொலையுங்கள், சீக்கிரம்!" என்று கத்திக்கொண்டே வேரைப் பழையபடி நுழைத்தது இச்சி.

எறும்புகள் தீர்வதற்குள் அடுத்த மழை பிடித்துக்கொண்டது.

அன்று முதல்தான், பாழடைந்த பள்ளிகளின் சுவரில் மண்ணே இல்லாமல் இச்சி நிற்கிறது. விட்டுவைத்தால் சுவர் பிளக்கும், வெட்டினால் சுவர் விழும். பழுதுபார்க்க வருகிறவர்களும் அரிவாளை ஓங்கிய கையோடு அப்படியே நிற்கிறார்கள்.