விருந்தாளிகளுக்கு ஒரு சோமனூர்

மூளையை எங்கேயோ வைத்துவிட்டு மறந்துபோகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். கோயம்புத்தூருக்கு மேற்கே, மலையடிவாரத்தில் இருக்கும் மாலைத்தென்றல் முதியோர் குடியிருப்புக்காரர்கள் அந்த ரகமில்லை. அவர்கள் பத்திரமாகத்தான் வைத்திருந்தார்கள். எடுத்துப் புழங்கினால் தேய்ந்துவிடுமே என்றுதான் தொடவில்லை.

அங்கே தனிக்கட்டையாகக் குடியிருந்தவர் சென்னியப்பன். கூட்டுறவுப் பண்டகசாலையில் அரிசி நிறுத்துப் போட்டு ஓய்வுபெற்றவர். மனைவி போய்ச்சேர்ந்த பிறகும் இரண்டு பேருக்குச் சமைத்து, இரண்டு தட்டில் போட்டு, இரண்டையும் தானே சாப்பிடுகிற ஆள். சோமனூரில் இருக்கும் தங்கை மயிலாத்தாள் ஒருநாள் போன் செய்தாள்.

“அண்ணா, நானும் அவருமா வந்து தங்கிப் பாக்கறோம். பிடிச்சிருந்தா உன் பக்கத்து வீடு காலியாத்தானே கிடக்குது, அதுக்கே வந்தர்றோம். பிடிக்கலைன்னா இந்தப் பேச்சை இதோட விட்டுரு.”

சென்னியப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. நேராக மேனேஜர் அம்மாவிடம் ஓடினார். அந்தம்மா சொந்தக்காரர் கல்யாணத்துக்குக் கிளம்பி, ஒரு காலை ஆட்டோவில் வைத்திருந்தாள்.

“கவலைப்படாதீங்க ஐயா. வந்தவங்க அவங்க வீட்ல இருக்கற மாதிரியே இருக்கணும். அவ்வளவுதான் விஷயம்,” என்றாள். அடுத்த காலையும் வைத்தாள். ஆட்டோ போய்விட்டது.

சென்னியப்பன் இதை ஒரு எழுத்து சிந்தாமல் கொண்டுபோய் உபசரிப்புக் கமிட்டியிடம் சேர்த்தார். கமிட்டி என்றால் மூன்று பேர். தலைவர் ரத்தினசபாபதி, ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர். லீலாவதி டீச்சர், பள்ளிக்கூடத்தில் டிரில் சொல்லிக்கொடுத்தவர். மூன்றாவது பொங்கியண்ணன், டவுன் பஸ் கண்டக்டராக இருந்தவர்.

“அவங்க வீட்ல இருக்கற மாதிரி இருக்கணும்னா, அவங்க வீடு எப்படி இருக்கும்னு நமக்குத் தெரியணும்,” என்றார் ரத்தினசபாபதி. “சொல்லுங்க சென்னியப்பன். வாசல் எந்தப் பக்கம்?”

“மேக்கால பாத்த வாசலுங்க.”

“உங்க வீடு கிழக்கால பாத்திருக்குதே.” கமிட்டி கவலையில் ஆழ்ந்தது. “வீட்டைத் திருப்ப முடியுமா?”

“நம்மகிட்ட அவ்வளவு ஆள் இல்லீங்க,” என்றார் பொங்கியண்ணன்.

“ஆளைத் திருப்பலாமே,” என்றார் டீச்சர். “புழக்கடை வழியா உள்ள கூட்டிட்டு வந்தா அதுவும் மேக்கால பாத்த வாசல்தானே.”

டீச்சரை எல்லாரும் மரியாதையோடு பார்த்தார்கள்.

“சமையக்கட்டுக் குழாய்?”

“ஒழுகும்ங்க. வருஷக்கணக்கா.”

சென்னியப்பன் வீட்டுக் குழாய் ஒழுகவில்லை என்பது அப்போதுதான் வெட்டவெளிச்சமானது. பொங்கியண்ணன் ஸ்பேனரைக் கொண்டுவந்து அந்தக் குறையைத் தீர்த்தார்.

“பக்கத்துல என்ன?”

“தறிப்பட்டறைங்க. விடிஞ்சா அடைஞ்சா டடக்கு டடக்குன்னு. எதிர் வீட்ல ஒரு பொம்பளை. தினமும் காலைல தண்ணிக் குடத்தை வெச்சுக்கிட்டு எந்தங்கச்சி அம்மணிகூட மல்லுக்கு நிக்கும்.”

“அதை எங்கிட்ட விட்ருங்க,” என்று டீச்சர் வளையலை முழங்கைக்கு ஏற்றிக்கொண்டார்.

“கொசு?”

“எக்கச்சக்கம்.”

மலைக்காற்றுக்கு மாலைத்தென்றலில் கொசு நிற்பதில்லை. பொங்கியண்ணன் ஊறுகாய் ஜாடியோடு வயக்காட்டுப் பக்கம் போய்விட்டு, மூடியை இறுக்கிப் பிடித்தபடி திரும்பி வந்தார். “கையை உள்ள விட்டு உக்காந்திருந்தேன், அதுகளா வந்துருச்சு,” என்றார். கை இரண்டும் பணியாரமாக வீங்கியிருந்தன.

“கூடத்துல மாப்பிள்ளையோட அப்பா படம் மாட்டி மாலை போட்டிருக்கும்ங்க,” என்றார் சென்னியப்பன். “அந்தப் படம் எங்கிட்ட இல்லை. பெரிய மீசை, தடிக் கண்ணாடி.”

எல்லார் கண்ணும் ரத்தினசபாபதியின் மேல் போய் நின்றது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மீசையை நீவிவிட்டுக்கொண்டார். பிறகு தன்னுடைய படத்தையே எடுத்துவந்து, மாட்டி, சந்தன மாலையையும் தன் கையாலேயே போட்டுவிட்டார். கடமை என்றால் அவர் அப்படித்தான்.

மயிலாத்தாளும் அவள் புருஷன் நாச்சிமுத்துவும் வந்திறங்கினார்கள். புழக்கடையில் துவைக்கிற கல்லைத் தாண்டி உள்ளே நுழைந்ததும் டடக்கு டடக்கு என்று கேட்டது. காலி வீட்டில் பொங்கியண்ணன் தகரத்தின் மேல் பலகையால் அடித்துக்கொண்டிருந்தார்.

“ஏண்ணா, இங்கயும் தறியா? இதுக்குப் பயந்துதானே அங்கிருந்து கிளம்பலாம்னு பாத்தேன்.” மயிலாத்தாளுக்கு முகம் சுருங்கிவிட்டது.

சென்னியப்பன் பதறிக்கொண்டு கமிட்டியிடம் ஓடினார். “அம்மணி முகம் சுருங்கிப்போச்சுங்க.”

“அவங்க வீட்ல இருக்கறப்ப முகம் எப்படி இருக்கும்?” என்று கேட்டார் ரத்தினசபாபதி.

“அங்கயும் சுருங்கித்தானுங்க இருக்கும்.”

“அப்புறமென்ன. வேலை நல்லாத்தான் நடக்குது.”

மறுநாள் ஊர் சுற்றிக் காட்ட வேனில் அருவிக்குக் கூட்டிப்போனார்கள். விருந்தாளிகளைப் பாறைமேல் பாய் விரித்து உட்காரவைத்தார்கள்.

“அருவி எங்கீங்க?” என்று கேட்டார் நாச்சிமுத்து.

“உங்களுக்குப் பின்னால. திரும்பிராதீங்க,” என்றார் டீச்சர். “உங்க வீட்ல உக்காந்து பாத்தா அருவி தெரியுமா?”

“தெரியாது.”

“அதுக்குத்தான்.”

“முதுகுப் பக்கம் தண்ணி அடிக்குதுங்களே.”

“குழாய் ஒழுகுதுன்னு நினைச்சுக்குங்க,” என்றார் பொங்கியண்ணன். அருவிச் சத்தம் மிஞ்சிவிடக் கூடாதே என்று தகரத்தையும் அவர் கொண்டுவந்திருந்தார்.

அடுத்த நாள் காலை டீச்சர் குடத்தோடு வாசலில் வந்து நின்றார். “ஏ மயிலாத்தா, ஊருத் தண்ணியெல்லாம் உனக்கு மட்டும் வருதா? நாங்கெல்லாம் என்ன நாக்கை நனைச்சுட்டுப் படுக்கறதா?”

மயிலாத்தாள் முதலில் திகைத்தாள். அடுத்த கணம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினாள். தலைமுறை தலைமுறையாக இழுத்து ஏசிக்கொண்டார்கள். நடுவில் டீச்சரே விசில் ஊதி, இரண்டு பேரும் மூச்சு வாங்கி, விட்ட இடத்தில் தொடங்கினார்கள். உள்ளே வந்தபோது மயிலாத்தாள் முகம் குங்குமமாகச் சிவந்து மலர்ந்திருந்தது.

“தங்கமான பொம்பளை,” என்றாள். “எதிர் வீட்டுக்காரிக்குக்கூட வாய் இவ்வளவு சுத்தமில்லை.”

புது இடத்தில் கண்மூடாத நாச்சிமுத்து, தகரச் சத்தத்தில் அடித்துப்போட்டதுபோல் தூங்கி எழுந்தார். பழக்கதோஷத்தில் படத்துக்கு முன்னால் நின்று கும்பிட்டார். வாசற்படியில் நின்றிருந்த ரத்தினசபாபதி கையைத் தூக்கி, “நல்லா இரு,” என்றார்.

“சரிங்கப்பா,” என்றுவிட்டு நாச்சிமுத்து பல் விளக்கப் போனார்.

அதற்குப் பிறகு அவர்களுக்கு அது வேற்றிடமாகவே தெரியவில்லை. மயிலாத்தாள் மளிகை டப்பாக்களை இடம் மாற்றி வைத்தாள். நாச்சிமுத்து பனியனோடு உட்கார்ந்து கொசு அடித்தார்.

சென்னியப்பன் பாடுதான் சங்கடமாகிவிட்டது. எந்தப் பக்கம் திரும்பினாலும் தங்கை வீடு. அதே ஒழுகல், அதே சத்தம், சுவரில் மாலை போட்ட மீசை. சோமனூர் போனால் எப்படி மூலையில் ஒடுங்கி உட்காருவாரோ, அப்படி உட்கார்ந்தார். மயிலாத்தாள் காப்பி கொண்டுவந்து கொடுத்தாள்.

“அண்ணா, வந்தது வந்தே, பொங்கல் வரைக்கும் இருந்துட்டுப் போயேன்.”

“இல்ல அம்மணி. எத்தனை நாளுக்குத்தான் உங்களுக்குத் தொந்தரவு. அங்க வீடு போட்டது போட்டபடி கிடக்கும்.”

இரண்டு வேட்டியைப் பையில் வைத்தார். மயிலாத்தாள் முறுக்குப் பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். “போய்ச் சேந்ததும் ஒரு போன் பண்ணுங்க மச்சான்,” என்றார் நாச்சிமுத்து.

கிளம்புகிற விருந்தாளியை வழியனுப்புவது கமிட்டியின் வேலை. கேட்டுக்கு வெளியே நின்ற டவுன் பஸ்ஸில் ஏற்றி, ஜன்னலோரமாக இடம்பிடித்துக் கொடுத்தார்கள்.

“எங்க போகணுங்க?” என்றார் கண்டக்டர்.

“மாலைத்தென்றல் ஒண்ணு குடுங்க.”

கண்டக்டர் ஜன்னலுக்கு வெளியே இருந்த போர்டைப் பார்த்தார். “இதுதானுங்களே மாலைத்தென்றல்.”

“அதுக்குள்ள வந்துட்டமா,” என்று சென்னியப்பன் இறங்கினார். “ஒரு குலுக்கல் இல்லீங்க,” என்று கமிட்டியிடம் பெருமையாகச் சொன்னார்.

“நான் கண்டக்டரா இருந்தப்பகூட இவ்வளவு வெரசா கொண்டுவந்து சேத்ததில்லை,” என்று பொங்கியண்ணன் ஒப்புக்கொண்டார்.

அவருடைய வீட்டில் ஒரு குடும்பம் இருப்பதால், பக்கத்துக் காலி வீட்டைத் திறந்துவிட்டார்கள். சென்னியப்பன் பையை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார். மதிலுக்கு அந்தப் பக்கம் மயிலாத்தாள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

“அம்மணி, பக்கத்துலயே வந்துட்டயா?” என்றார் சென்னியப்பன்.

“நீயும் வந்துட்டயாண்ணா. இடம் பிடிச்சிருக்குதா?”

“தங்கிப் பாக்கறேன். பிடிச்சிருந்தா இருந்துக்கறேன்.”

இப்போது மயிலாத்தாளுக்குச் சோறு இறங்கவில்லை. கமிட்டியிடம் ஓடினாள். “எங்கண்ணன் இங்கயே இருக்கணுங்க. பிடிக்கலைன்னு கிளம்பிட்டா நான் தாங்க மாட்டேன்.”

“அவர் வீட்ல இருக்கற மாதிரியே இருந்தா எதுக்குக் கிளம்பறார்?” என்றார் ரத்தினசபாபதி. “அவர் வீடு எப்படி இருக்கும்?”

மயிலாத்தாள் யோசித்தாள். “நான் பாத்தவரைக்கும் வீடு நிறைய விருந்தாளிங்கதானுங்க.”

சாயங்காலம் கமிட்டி மூன்று பேரும் பாய் தலையணையோடு சென்னியப்பன் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். அன்று வந்தவர்கள்தான். மாதம் திரும்பியும் ஆளுக்கொரு மூலையில் சௌகரியமாக இருந்தார்கள். சென்னியப்பன் ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே மரியாதையாகக் கேட்டார்.

“எப்பக் கிளம்பறதா இருக்கறீங்க?”

“நாங்க கிளம்பிட்டா உங்களுக்கு வீட்டு ஞாபகம் வந்துரும்,” என்றார் ரத்தினசபாபதி, ரசத்துக்குக் கையை நீட்டியபடி.